கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் நான். நடக்கலாமா, நீந்தலாமா என்று வகுப்பில் யாரும் அதிகம் கேட்பதில்லை. வயிறு என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோர் கையும் தானாக வயிற்றின் மேல் போய்விடும். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். இந்தப் பக்கம் அதற்கு அடுத்தபடிதான்.

கர்ப்பம் என்று தெரியாமல் ஆறாவது வாரம் வரை தினமும் சிட்-அப் எடுத்திருக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

ஆகியிருக்காது. அந்தச் சமயத்தில் கருவின் நீளம் அரை சென்டிமீட்டர் அளவுதான். கருப்பை இன்னும் வயிற்றுப் பகுதிக்கே வந்திருக்காது. இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள், அடிவயிற்றின் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பின் மறைவில் இருக்கும். 12 வாரம் வாக்கில்தான் அந்த எலும்புக்கு மேலே தலை காட்டும். நீங்கள் மடக்கி நிமிர்த்தியது வயிற்றின் முன்சுவரை. கரு இருந்த இடம் வேறு.

முதல் மூன்று மாதத்தில் பயிற்சி செய்தால் கரு கலைந்துவிடும் என்கிறார்களே?

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் சாதாரண உடற்பயிற்சியால் கரு கலைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். கரு உருவாகும்போதே கணக்கு பிசகியிருக்கும். அதன்பின் நீங்கள் படுத்தே கிடந்தாலும் அதை மாற்ற முடியாது. கரு கலைந்த பெண்கள், முந்தைய நாள் தூக்கிய வாளியையும் ஏறிய படியையும் நினைத்து நினைத்து மருகுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியைத் தூண்டிவிடுபவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

மசக்கை படுத்தும் நாளில் ஓய்வெடுங்கள், அது வேறு விஷயம். வாந்தியோடு போராடிக்கொண்டு பயிற்சி செய்து யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

வயிறு பெரிதான பிறகு தசையை இறுக்கினால் குழந்தை நசுங்காதா?

நசுங்காது. குழந்தை பனிக்குட நீரில் மிதக்கிறது. நீரில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும், ஓரிடத்தில் குத்தாது. தும்மினாலும் இருமினாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் வயிற்றுத் தசை நன்றாகவே இறுகுகிறது. அப்போதெல்லாம் குழந்தை பத்திரமாகத்தானே இருக்கிறது?

குழந்தைக்கு ஆபத்து என்று நான் கவலைப்படுவது வெளியிலிருந்து வரும் அடியைப் பற்றித்தான். தவறி விழுவது, பந்து படுவது, குத்துச்சண்டை, குதிரைச் சவாரி போன்றவை. ஆழ்கடலில் சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபாவும் வேண்டாம். அதற்குக் காரணம் அழுத்த மாற்றம். உடல் சூடேறும் அளவுக்கு வெப்பமூட்டிய அறையில் செய்யும் யோகாவும் இதே பட்டியலில் வரும்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்றால், பிறகு ஏன் சிட்-அப் வேண்டாம் என்கிறீர்கள்?

குழந்தைக்காக அல்ல, உங்கள் வயிற்றுச் சுவருக்காக. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் ஓடுகின்றன. ‘சிக்ஸ் பேக்’ என்று சொல்வது இவற்றைத்தான். இரண்டுக்கும் நடுவே, நெஞ்செலும்பின் அடியிலிருந்து கீழே இடுப்பெலும்பு வரை, தசையே இல்லாத ஒரு நார்க்கோடு இருக்கிறது. அதன் மருத்துவப் பெயர் லீனியா ஆல்பா, அதாவது வெள்ளைக்கோடு. பக்கவாட்டுத் தசைகள் எல்லாம் கடைசியில் வந்து இணைவதும் இந்தக் கோட்டில்தான். கருப்பை 20 வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வரும், 36 வாரம் வாக்கில் விலா எலும்பைத் தொடும். இவ்வளவுக்கும் இடம் வேண்டுமே. தசை நீளும், நடுக்கோடு அகலும், மெலியும். அகலாவிட்டால் பிள்ளைக்கு இடமேது.

இப்படி மெலிந்திருக்கும் கோட்டின் மேல்தான் சிட்-அப் பாரத்தைப் போடுகிறது. மல்லாந்து படுத்து உடம்பின் மேல்பாதி முழுவதையும் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். முன்னால் கோடு பிதுங்கும், கீழே சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் மேல் பாரம் இறங்கும்.

அதற்காக, ஒரு க்ரஞ்ச் (தலையையும் தோளையும் மட்டும் தூக்கும் பாதி சிட்-அப்) எடுத்தால் வயிறு பிளந்துவிடும் என்று பயமுறுத்துவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்த ஆய்வுகளில், தலையைத் தூக்கும் நொடியில் இரண்டு பட்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி குறையத்தான் செய்தது. ஆனால் நெருங்கி வரும்போது நடுக்கோடு தொய்ந்துபோய், உள்ளிருக்கும் அழுத்தத்தில் வெளியே தள்ளப்படலாம். ஆக, என் கணக்கில் சிட்-அப் வில்லன் அல்ல. இந்த நேரத்தில் பெரிய பயன் தராத, அசௌகரியமான, அதைவிட நல்ல மாற்றுகள் நிறைய உள்ள ஒரு பயிற்சி, அவ்வளவுதான்.

எழுந்திருக்கும்போது வயிற்று நடுவில் கூடாரம் மாதிரி மேடு எழும்புகிறது. அது என்ன?

நான் மேலே சொன்ன பிதுக்கம்தான் அது. வகுப்பில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் பாயில் படுத்திருந்தார். யாரோ கூப்பிட, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். தொப்புளுக்கு மேலே, ஓட்டு வீட்டுக் கூரையின் முகடு போல, ஒரு சாண் நீளத்துக்கு வயிறு கூம்பி நின்றது. தலையைக் கீழே வைத்ததும் மறைந்துவிட்டது. “குழந்தை காலை நீட்டுதுன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன் மேடம், புருஷனைக் கூப்பிட்டு வேற காட்டினேன்” என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

வலிக்காது, அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் நான் நம்பும் முதல் அளவுகோல் இதுதான். எத்தனையாவது மாதம், எந்தப் பயிற்சி என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, சட்டையைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். கூம்பினால் அந்த அசைவு இன்றைக்கு உங்களுக்கு அதிகம். முதலில் மூச்சை வெளியே விட்டபடி செய்து பாருங்கள். அப்போதும் கூம்பினால் பயிற்சியை இலகுவாக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். எதிர்பாராமல் ஒருமுறை இருமுறை கூம்பியதால் ஒன்றும் கெட்டுவிடாது. தினமும் இருபது முப்பது தடவை வேண்டுமென்றே கூம்பச் செய்யாதீர்கள் என்பதுதான் பேச்சு.

சிட்-அப்பை விட்டுவிட்டேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

படுக்கையிலிருந்து எழுவதை. யாரும் கேட்காத கேள்வி இது. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகும் கர்ப்பிணி, மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் நாலு சிட்-அப் எடுத்த கணக்கு, அதுவும் தூக்கக் கலக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, ஒரு கட்டை உருள்வது போல ஒருக்களித்துத் திரும்புங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். கையை ஊன்றி, மூச்சை விட்டபடி உட்காருங்கள். பிரசவத்துக்குப் பிறகும், குறிப்பாகச் சிசேரியனுக்குப் பிறகு, இதே முறைதான்.

சாய்ந்து கிடக்கும் சோபாவிலிருந்து எழும்போதும் இதே கதை. ஒருபக்கம் திரும்பிய பிறகு எழுங்கள்.

அப்படியானால் எந்த வயிற்றுப் பயிற்சி செய்யலாம்?

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், நான் சொல்வது மூச்சோடு சேர்ந்த வயிற்று அணைப்பு. வயிற்றைச் சுற்றி இடுப்புப் பட்டை மாதிரி ஓடும் ஆழ்தசை ஒன்று உண்டு, டிரான்ஸ்வெர்சஸ் என்று பெயர். முதுகைத் தாங்குவதில் இதற்குப் பங்கு உண்டு. பெருத்த வயிற்றோடு முதுகு வலியில் அவதிப்படுபவர்களுக்கு இந்தத் தசைதான் கை கொடுக்கும்.

கையும் முழங்காலும் ஊன்றி, மேசை போல நில்லுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு தொங்கட்டும், விலா விரியட்டும். உறிஞ்சுகுழல் வழியாக ஊதுவது போல மெதுவாக மூச்சை விடுங்கள். விடும்போதே, தொப்புளுக்குக் கீழேயுள்ள பகுதியை முதுகுப் பக்கமாக ஏந்துங்கள். குழந்தையை உள்ளிருந்தே அணைப்பது போல. முதுகு வளையக் கூடாது, பிட்டம் இறுகக் கூடாது. முழு பலத்தோடு இழுக்கத் தேவையில்லை, கால்வாசி பலம் போதும். அடுத்த மூச்சை இழுக்கும்போது முழுதாகத் தளர்த்துங்கள். பத்துத் தடவை. மணிக்கட்டு வலித்தால் முழங்கையை ஒரு நாற்காலியின் மேல் ஊன்றுங்கள்.

இது கைவந்த பிறகு, அதே நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டி, மாற்றி மாற்றிச் செய்யலாம். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழுவது எல்லாமே வயிற்றுக்கும் வேலைதான்.

முன்கையும் கால்விரலும் ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராக நிறுத்தும் பிளாங்க் செய்யலாமா?

ஏற்கெனவே பழகியவர் என்றால், வயிறு கூம்பாத வரை செய்யலாம். மாதம் ஏற ஏற, தரையிலிருந்து முழங்கால் ஊன்றிய நிலைக்கும், பிறகு மேசை விளிம்புக்கும், கடைசியில் சுவருக்கும் மாறிக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில்தான் முதல் தடவை பழகப் போகிறீர்கள் என்றால் சுவரில் தொடங்குங்கள். ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று கடிகாரத்தோடு போட்டி வேண்டாம்.

மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள்?

சுமார் 20 வாரத்துக்குப் பிறகு நீண்ட நேரம் வேண்டாம். கனத்த கருப்பை, கீழேயிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை முதுகெலும்போடு வைத்து அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். சிலருக்குத் தலை சுற்றும், வேர்க்கும், குமட்டும். ஒருக்களித்துத் திரும்பினால் சரியாகிவிடும். ஓரிரு நிமிடம் மல்லாந்து கிடந்துவிட்டால் பதற வேண்டாம். சாய்வாகத் தலையணைகள் அடுக்கி, மேல் உடம்பை உயர்த்திக்கொண்டு செய்வது நல்ல மாற்று.

மூச்சைப் பிடிப்பது ஏன் கூடாது?

மூச்சைப் பிடித்து முக்கினால் வயிற்றழுத்தம் ஏறும், ரத்த அழுத்தம் குதிக்கும். பளு தூக்கும்போதும், ஏன், மலச்சிக்கலில் முக்கும்போதும் இதேதான். எது கஷ்டமான பகுதியோ அப்போது மூச்சை விடுங்கள்.

கெகல் எனப்படும் இடுப்புத்தளப் பயிற்சியும் வயிற்றுப் பயிற்சியும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் ஒரே வீட்டுக்காரர்கள். வயிறு என்ற அறைக்கு மேல்தளம் உதரவிதானம், சுற்றுச்சுவர் வயிற்றுத் தசைகள், தரை இடுப்புத்தளம். தரை தொய்ந்தால் இருமும்போது சிறுநீர் கசியும். 1948-இல் இந்தப் பயிற்சியைப் பரவலாக்கிய மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகலின் பெயரிலேயே இது வழங்குகிறது.

காற்றுப் பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை இறுக்கி, அப்படியே முன்பக்கமாகவும் மேலாகவும் தூக்குங்கள். சில நொடிகள் பிடித்துவிட்டு முழுதாகத் தளர்த்துங்கள். எட்டு தடவை, நாளுக்கு மூன்று வேளை. கர்ப்பத்திலேயே இதைப் பழகியவர்களுக்குக் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் சிறுநீர்க் கசிவு குறைவு. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள்; பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

வயிற்றுத் தசை இறுகிவிட்டால் சுகப்பிரசவம் கஷ்டமாகிவிடுமா?

இல்லை. குழந்தையை வெளியே அனுப்பும் முக்கிய வேலை கருப்பையின் தசையுடையது. கடைசிக் கட்டத்தில் முக்கும்போது வயிற்றுத் தசையும் துணைக்கு வரும். வலுவான தசை அங்கே இடைஞ்சல் அல்ல. கர்ப்பத்தில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்களிடையே சிசேரியன் குறைவாகவே காணப்படுகிறது. இறுக்கத் தெரிவதோடு தளர்த்தவும் தெரிய வேண்டும் என்பது மட்டும் உண்மை. அதனால்தான் ஒவ்வொரு பயிற்சியிலும் ‘முழுதாகத் தளர்த்துங்கள்’ என்று நச்சரிக்கிறேன்.

இதயத்துடிப்பு 140-ஐத் தாண்டக் கூடாதாமே?

பழைய கதை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 1985-இல் சொன்ன வரம்பு அது; 1994-லேயே அவர்களே கைவிட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக அது மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தில் ஓய்விலிருக்கும்போதே துடிப்பு கூடும் என்பதால் எண்ணை நம்பிப் பயனில்லை. பேசிப் பாருங்கள்: மூச்சு வாங்கினாலும் முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரியான அளவு. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிற்கிறீர்களா? வேகத்தைக் குறையுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைச் சொல்கிறது, தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

யார் செய்யவே கூடாது?

பனிக்குடம் உடைந்தவர்கள், குறைப்பிரசவ வலி கண்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு நிற்காதவர்கள், கருப்பை வாய் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள், ஏழாம் மாதத்துக்கு மேலும் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருப்பவர்கள், பிரீ-எக்லாம்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வரும் சிக்கல்) உள்ளவர்கள், மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ சுமப்பவர்கள். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, தீவிரமான இதய அல்லது நுரையீரல் நோய் இருந்தாலும் மருத்துவர் அனுமதி இல்லாமல் எதுவும் வேண்டாம். இரட்டைக் குழந்தை, கடுமையான ரத்தசோகை, முன்பு குறைப்பிரசவம் போன்றவை இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். “ஸ்கேனில் எல்லாம் நார்மல்னு சொன்னாங்க” என்பது போதாது. ‘நான் உடற்பயிற்சி செய்யலாமா’ என்று வாய்விட்டே கேளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

ரத்தம் பட்டால், நீர் கசிந்தால், சீரான இடைவெளியில் வலியோடு வயிறு இறுகினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், பயிற்சி தொடங்கும் முன்பே மூச்சு முட்டினால், கடுமையான தலைவலி வந்தால், ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படியே. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

திரும்பும்போது அடிவயிற்றின் பக்கத்தில் சுருக்கென்று இழுக்கிறது. தசை கிழிந்துவிட்டதா?

பெரும்பாலும் கருப்பையைத் தாங்கும் நாண்கள் சட்டென்று இழுபடுவதுதான். தும்மல், வேகமாகப் புரளுவது, திடீரென்று எழுவது இதைத் தூண்டும். சில நொடிகளில் அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தாலோ, காய்ச்சலோ ரத்தப்போக்கோ சேர்ந்தாலோ காட்டுங்கள்.

கர்ப்பத்தில் வயிற்றுப் பயிற்சி செய்தால் தொப்பை போடாமல் இருக்குமா?

எந்த வயிற்றுப் பயிற்சியும் வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்காது. கர்ப்பம் அதற்கான காலமும் இல்லை.

தசைப் பிரிவு, அதாவது இரண்டு பட்டைத் தசைகளும் விலகிப்போவது, வராமலே தடுக்க முடியுமா?

முடியாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் நடுக்கோடு அகலும். தடுப்பதாகச் சொல்லி விற்கும் வகுப்புகளை நம்பாதீர்கள். முதல் பிரசவம் கண்ட 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்த நார்வே ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. பிரசவமாகி ஆறு வாரத்தில் 60 சதவீதம் பேருக்குப் பிரிவு இருந்தது, ஓராண்டில் அது சுமார் 33 சதவீதமாகக் குறைந்தது. பிரிவு இருந்தவர்களுக்கு முதுகு, இடுப்பு வலி கூடுதலாக இருக்கவும் இல்லை. அகலத்தைவிட அந்தக் கோடு எவ்வளவு விறைப்பாகத் தாங்குகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது தொடங்கலாம்?

மூச்சு அணைப்பையும் இடுப்புத்தளப் பயிற்சியையும், சுகப்பிரசவம் என்றால், வலியில்லாவிட்டால் ஓரிரு நாளிலேயே மெதுவாகத் தொடங்கலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு. சிசேரியனிலும் மூச்சுப் பயிற்சி சீக்கிரமே தொடங்கலாம். மற்றவற்றுக்கு ஆறாவது வாரப் பரிசோதனை வரை பொறுங்கள். சிசேரியனில் வயிற்றுத் தசையை வெட்டிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாகப் பட்டைத் தசைகளை வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்குகிறார்கள். வெட்டித் தைப்பது தோலையும், தசையைப் போர்த்தியிருக்கும் உறையையும், கருப்பையையும்.

பிரிவு எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாமா?

பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் பாருங்கள், கர்ப்பத்தில் அளந்து பயனில்லை. முழங்காலை மடக்கிப் படுத்து, தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வையுங்கள். மூச்சை விட்டபடி தலையை மட்டும் தூக்குங்கள். இரண்டு ஓரத்திலும் தசை விளிம்பு விரலைத் தொடும். நடுவில் எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று எண்ணுங்கள், பிறகு விரலை லேசாக அழுத்திப் பாருங்கள். இழுத்துக் கட்டிய துணி போல எதிர்த்து நின்றால் நல்லது. மாவுக்குள் போவது போல விரல் இறங்கினால், அல்லது இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தால், ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். தொப்புள் அருகே உருண்டையாகப் புடைத்து வலித்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதற்கு அறுவை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.